சூயிங்கம் அட்டைகள்: ஒரு விலையின் சரித்திரம்

பாஸ்டனில் கவுடி கம் கம்பெனி என்று ஒன்று இருந்தது. 1919ல் ஆரம்பித்தது. 1933ல், அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்திலிருந்த அந்த வருஷத்தில், 'பிக் லீக்' என்ற பெயரில் ஒரு சென்ட்டுக்கு ஒரு பொட்டலம் விற்றது. பொட்டலத்துக்குள் ஒரு துண்டு சூயிங்கம், ஓர் அட்டை. அட்டையின் முகப்பில் பேஸ்பால் ஆட்டக்காரன் ஒருவனின் வர்ணப் படம். பின்னால் அவனைப் பற்றி நாலு வரியும் ஓர் எண்ணும். மொத்தம் 240 எண்கள் என்று கணக்கு. பையன்கள் சேர்த்தார்கள். 105 கிடைத்தது, 107 கிடைத்தது, 106 மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. காரணம் எளிமையானது. 106ஐக் கம்பெனி அச்சடிக்கவே இல்லை.

இல்லாத ஓர் அட்டைக்காக எத்தனை சென்ட் செலவாயிருக்கும் என்பதை யாரும் கணக்கெடுக்கப்போவதில்லை. கோபித்துக்கொண்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு மறு வருஷம், 1934ல், 106 தபாலில் போயிற்று. படத்தில் இருந்தவர் நெப்போலியன் லாஜ்வே. 1901ல் .426 சராசரி அடித்தவர். கிளீவ்லாண்ட் அணி சில வருஷம் அவர் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டிருந்தது. ஆனால் 1916ஓடு ஆட்டத்தை விட்டுவிட்டவர். அவர் ஆடி எந்தப் பையனும் பார்த்திருக்க முடியாது. அட்டையைக் கடிதத்தோடு கிளிப்பில் செருகி அனுப்பினார்கள். இன்று எஞ்சியிருக்கிற லாஜ்வே அட்டைகள் பலவற்றில் அந்தக் கிளிப் அழுத்திய தடம் இருக்கிறது. வேறு அட்டையில் அப்படி ஒரு தடம் இருந்தால் விலை சரியும். இதில் அந்தத் தடத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அது ஒருவகைப் பிறப்புச் சான்றிதழ்.

எனக்கு பேஸ்பாலில் ருசி கிடையாது. விதிகளைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதோடு சரி. இந்த அட்டைகளின் பக்கம் என்னை இழுத்தது வேறு விஷயம். மதிப்பீடு என்ற சொல்லை நாம் இந்தப் பக்கங்களில் தாராளமாகவே புழங்கிவருகிறோம். ஒன்றை நல்லது என்கிறோம், ஒன்றைக் குப்பை என்கிறோம். எந்த அதிகாரத்தில் சொல்கிறோம் என்று யாராவது கேட்டால் கோபம் வருகிறது. கவிதையில் இந்தக் கேள்வி சீக்கிரம் புகைமூட்டமாகிவிடும். அட்டையில் ஆகாது. அட்டை ஒரு ஸ்தூலமான பொருள். அதைச் செய்தவன் கலை என்று நினைத்துச் செய்யவில்லை, வாங்கியவன் கலை என்று நினைத்து வாங்கவில்லை. இனாமாக வந்தது. அப்படி வந்த ஒரு காகிதத் துண்டு இன்று லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறதென்றால், நடுவில் யார் யார் கை அதில் பட்டிருக்கிறது என்று பின்தொடர்ந்து பார்க்க முடிகிறது. பார்த்ததில் எனக்குத் தோன்றியது இது: விலை ஏறிய ஒவ்வொரு கட்டத்திலும் அட்டையிலிருந்து ஏதோ ஒன்று கழற்றப்பட்டிருக்கிறது. முதலில் போனவன் பையன். கடைசியில் போனது கம்.

*

அட்டையின் பூர்வீகம் சிகரெட். 1880களில் சிகரெட் பொட்டலம் மெல்லிய காகிதம்தான். உள்ளே இருப்பது நசுங்காமலிருக்க ஓர் அட்டைத் துண்டைச் செருகினார்கள். வெறும் அட்டையாக இருப்பானேன் என்று படம் போட்டார்கள். நடிகைகள், பறவைகள், தேசக் கொடிகள், பேஸ்பால்காரர்கள். சூயிங்கத்தோடு பேஸ்பால் அட்டை வந்ததும் அதே காலத்தில்தான். 1888ல் நியூயார்க்கின் ஜி அண்ட் பி சூயிங்கம் கம்பெனி வெளியிட்டதை முதல் தொகுதி என்கிறார்கள். 1909இலிருந்து சில வருஷங்கள் லூயிவில் நகரத்தில் கோல்கன் என்ற மருந்துக்கடைக்காரரின் பெயரில் நடந்த கம்பெனி, சின்னத் தகர டப்பாவில் கம் வில்லைகளை அடைத்து, டப்பாவுக்குப் பொருந்துகிற மாதிரி வட்டமாக வெட்டின அட்டைகளை உடன் வைத்தது. நாலு மூலை இல்லாத அட்டை என்பதால் இன்றைய மதிப்பீட்டுக்காரர்களுக்கு அது சற்று சங்கடமான பண்டமாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் முதலில் பார்ப்பது மூலையைத்தான்.

சூயிங்கம் அந்த நாட்களில் சப்போட்டா மரத்தின் பால். மெக்ஸிகோ, குவாத்தமாலாக் காடுகளில் மரத்தைக் கீறி இறக்கிக் காய்ச்சிக் கட்டியாக்கி அனுப்புவார்கள். நாம் பழத்துக்காக வீட்டுக் கொல்லையில் வளர்க்கிற அதே மரம்தான். 1928ல் பிலடெல்ஃபியாவின் ஃப்ளியர் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வால்டர் டீமர் என்பவர், ஊதினால் குமிழியாகிற, முகத்தில் ஒட்டிக்கொள்ளாத கம் ஒன்றைக் கண்டுபிடித்தார். கைக்கு அகப்பட்ட சாயம் இளஞ்சிவப்பு, அதைக் கலந்தார். பபிள்கம் இன்றுவரை இளஞ்சிவப்பாக இருப்பதற்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்றுமில்லை. முப்பதுகளில் அட்டையை இந்தக் கம்மோடு சேர்த்து விற்கத் தொடங்கியதும் புகையிலைக்காரர்களின் இடம் மிட்டாய்க்காரர்களுக்கு வந்துவிட்டது. வாங்குகிறவன் வயது பத்து. அவனுக்குக் கம்மும் வேண்டும், அட்டையும் வேண்டும். எதற்காக எதை வாங்கினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது, கம்பெனிக்குத் தெரிந்திருந்தது.

பையன்களிடம் அட்டைகளுக்கு விலை இல்லாமலில்லை. அவர்களுக்கென்று ஒரு சந்தை இருந்தது. இரண்டு சாதாரண ஆட்டக்காரனுக்கு ஒரு நட்சத்திரம் என்று மாற்றிக்கொள்வார்கள். சுவரை நோக்கி அட்டையைச் சுண்டி, கிட்டப் போய் விழுந்தவன் மற்றதையெல்லாம் அள்ளிக்கொள்வான். பிடிக்காத அணிக்காரனைச் சைக்கிள் சக்கரத்தில் சொருகினால் கம்பிகளில் பட்டு மோட்டார் மாதிரி சத்தம் வரும். தொகுதியை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி வைப்பார்கள். மேலேயும் கீழேயும் இருக்கிற அட்டையில் ரப்பர் பதிந்துவிடும். இந்த மதிப்பீடுகளெல்லாம் அட்டையைக் கையில் வைத்துச் செய்தவை, அட்டையை அழித்தவை. இன்று ஓர் அட்டைக்கு அதிக விலை வேண்டுமென்றால் இதில் ஒன்றும் அதற்கு நேர்ந்திருக்கக் கூடாது. எந்தப் பையனுக்காக அச்சடித்தார்களோ அவன் கை படாத அட்டைதான் உச்ச விலைக்குப் போகிறது.

கவுடி தொகுதியில் பேப் ரூத் நாலு இடத்தில் வருகிறார்: 53, 144, 149, 181. நாலுமே அபூர்வமல்ல, நாலுமே ஏகப்பட்ட விலை. லாஜ்வே அபூர்வம். ரூத் சாதாரணமாகக் கிடைக்கும், ஆனால் எல்லோருக்கும் வேண்டும். அபூர்வம் வேறு, விலை வேறு என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே புரிந்துகொள்ளலாம்.

ஆனால் இந்த 240 எண்களில் என்னை நிறுத்துகிற இடம் 106 அல்ல. 240லும் ஒரு கறுப்பர் முகம் இல்லை. பெரிய லீக்குகளில் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்ற எழுதாத சட்டம் 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கும்வரை இருந்தது. 1933ல் நீக்ரோ லீக்குகளில் ஜாஷ் கிப்சன் ஆடிக்கொண்டிருந்தார், சாட்செல் பெய்ஜ் பந்து வீசிக்கொண்டிருந்தார். பெய்ஜ் நாற்பது வயது கடந்து பெரிய லீக்குக்குப் போனதால் போமன், லீஃப் கம்பெனிகள் அந்த நாற்பதுகளின் முடிவில் அவருக்கு அட்டை போட்டன. கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, செத்துப்போனார். அவருடைய காலத்தில் எந்த அமெரிக்கச் சூயிங்கம் கம்பெனியும் அவர் படத்தைப் போடவில்லை. இறந்து சில வருஷம் கழித்து புவெர்ட்டோ ரிக்கோவில் வந்த ஒரு தொகுதியில் அவர் முகம் இருக்கிறது. அங்கே குளிர்காலங்களில் போய் ஆடியிருந்தார்.

2024 மே மாதத்தில் பெரிய லீக் நிர்வாகம் நீக்ரோ லீக் கணக்குகளைத் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. வாழ்நாள் சராசரியில் கிப்சன் .372 என்று முதலிடத்துக்கு வந்தார். நெடுங்காலம் அங்கிருந்த டை காப்.367ஓடு கீழே இறங்கினார். ஏட்டைத் திருத்த முடிகிறது. 1933ஆம் வருஷத்துக் கவுடி அட்டையை 2024ல் அச்சடிக்க முடியாது. 106 காணவில்லை என்று பையன்கள் கடிதம் எழுதினார்கள், அட்டை வந்தது. கிப்சனுக்கு எண்ணே ஒதுக்கப்படவில்லை. எண் இருந்தால்தானே காணோம் என்று எழுத முடியும். அட்டைகளின் விலைப் பட்டியல் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அச்சான முகங்களுக்கு மட்டுமே விலை போடும். இதைச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் ஒரு குறையாக நினைப்பதில்லை. பழைய காலம் என்று ஏக்கத்தோடு பேசுகிறார்கள்.

யுத்தம் வந்தது. 1941க்குப் பிறகு சூயிங்கத்தோடு பேஸ்பால் அட்டை வரவில்லை. பழைய காகிதம் திரட்டுகிற இயக்கத்தில் வீடுவீடாகப் பத்திரிகைகளோடு அட்டைகளும் போயின. எஞ்சியதைப் பையன்கள் வளர்ந்து வெளியேறினதும் அம்மாக்கள் தூக்கி எறிந்தார்கள். அமெரிக்க ஆண்கள் இந்த அம்மாக்களைப் பற்றிப் பேசும்போது ஒரு தேசிய சோகம் மாதிரிதான் பேசுவார்கள். எறியாமலிருந்தால் இன்றைக்கு அந்த அட்டைகளுக்கு விலையே இருந்திருக்காது என்பதை ஞாபகப்படுத்துவது நாகரிகமல்ல.

*

1948ல் பிலடெல்ஃபியாவின் போமன் மறுபடியும் தொடங்கினார். மூன்று வருஷம் அவருடைய ராஜ்யம். 1951ல் புரூக்ளினிலிருந்து டாப்ஸ் நுழைந்தது. டாப்ஸ், ஷோரின் சகோதரர்கள் நால்வர் 1938ல் தொடங்கிய கம்பெனி. இரண்டும் ஒரே ஆட்டக்காரனிடம் கையெழுத்து வாங்கின, வழக்கு வந்தது. போமன் கம்பெனி அப்போது ஹேலன் லேபரட்டரீஸ் என்ற பெயரில் இருந்தது. 1953ல் அப்பீல் கோர்ட்டில் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் கொடுத்த தீர்ப்பு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு புதிய சொத்தையே உண்டாக்கிவிட்டது. ஒரு மனிதனுக்குத் தன் முகத்தின் விளம்பர மதிப்பில் உரிமை உண்டு. அந்த உரிமையை அவன் ஒருவருக்கு மட்டுமாக எழுதிக் கொடுக்கலாம் என்பது சாரம். அதுவரை முகம் என்பது அந்தரங்கம் சம்பந்தப்பட்ட விஷயம். புண்படுத்தினால் நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். ஒரு சென்ட் மிட்டாய்ப் பொட்டலத்துக்காக நடந்த சண்டையில் முகம் பண்டமாகிவிட்டது. சினிமா நட்சத்திரங்களும் பாடகர்களும் பிற்பாடு இதை வைத்துக் கோடிகள் சம்பாதித்தார்கள்.

ஆட்டக்காரனுக்கு என்ன கிடைத்தது? சின்ன லீக்கில் இருக்கும்போதே டாப்ஸின் ஆள் வந்து 5 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். பெரிய லீக்குக்குப் போனால் வருஷத்துக்கு 125 டாலர். 1956ல் டாப்ஸ் போமனை 2 லட்சம் டாலருக்கு வாங்கி எதிரியில்லாமல் செய்துகொண்டது. 1966ல் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைமையேற்ற மார்வின் மில்லர் உருக்குத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். டாப்ஸின் புகைப்படக்காரருக்கு முகம் கொடுக்காதீர்கள் என்று சொன்னார். 1968 முடிவில் டாப்ஸ் இறங்கிவந்தது: 125 என்பது 250 ஆயிற்று, விற்பனையிலும் பங்கு கிடைத்தது. பேஸ்பால் ஆட்டக்காரர்களின் சங்கம் பலமடைந்த கதையில் இந்த மிட்டாய்க் கூலிக்கு ஓர் இடம் உண்டு.

உரிமைச் சண்டையும் அபூர்வத்தை உற்பத்தி செய்தது. 1959ல் ஃப்ளியர் கம்பெனி டெட் வில்லியம்ஸ் ஒருவரை மட்டும் வைத்து 80 அட்டை போட்டது. 68ஆம் எண்ணில் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் பக்கி ஹாரிஸ். ஹாரிஸின் முகம் டாப்ஸிடம் இருந்தது. அட்டையை நிறுத்தினார்கள். அதனால் 68 அபூர்வம். மற்ற 79ம் சாதாரணம்.

1952க்கு வருகிறேன். டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கர், உட்டி கெல்மன் என்ற இருவர், பெர்கரின் புரூக்ளின் வீட்டுச் சமையலறை மேஜையில் அட்டையையும் கத்தரிக்கோலையும் வைத்துக்கொண்டு அந்த வருஷத்துத் தொகுதியை அமைத்தார்கள். பெரிய அளவு, அணியின் சின்னம், பின்பக்கத்தில் போன வருஷத்துக் கணக்கும் வாழ்நாள் கணக்கும். 407 எண்கள். பிறகு வந்த எல்லா அட்டைகளும் இதைப் பார்த்துப் போட்டவைதான். ஆனால் கடைசிப் பகுதி, 311இலிருந்து 407வரை, பருவம் முடிகிற சமயத்தில்தான் வந்தது. பையன்கள் ஃபுட்பாலுக்குப் போய்விட்டார்கள். கடைகள் எடுக்கவில்லை. பெட்டி பெட்டியாகக் கிடங்கில் தங்கியது. பெர்கர் பிற்காலத்தில் சொன்னது: திருவிழாச் சந்தைக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்துப் பார்த்தேன், அவர்களும் வேண்டாம் என்றார்கள், 1960ல் முந்நூறு முதல் ஐநூறு பெட்டிகளைக் குப்பைப் படகில் ஏற்றி, நியூ ஜெர்ஸிக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கொட்டினேன். இதை முழுக்க நம்பாதவர்கள் உண்டு. எனக்கு நம்பத் தோன்றுகிறது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்த காகிதம். கிடங்குக்காரன் வேறென்ன செய்வான்?

311ஆம் எண் மிக்கி மான்டில். 2022 ஆகஸ்டில் இதன் பிரதி ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதே பிரதி 1991ல் 50,000 டாலருக்குக் கைமாறியது. கடலில் கொட்டினதால் அபூர்வமாகி இந்த விலை வந்தது என்று சொல்லிவிடுவார்கள். கதை அவ்வளவு சுலபமில்லை. 311, 312, 313 மூன்றும் அச்சுத் தாளில் இரண்டு தடவை வருகிறவை. அதாவது அந்தக் கடைசிப் பகுதியில் மற்ற பெயர்களைவிட மான்டில் அதிகம் அச்சானார். பக்கத்து எண்ணில் இருக்கிற யாரோ ஒரு மாற்று ஆட்டக்காரன் அவரைவிட அபூர்வம். போகட்டும், இது மான்டிலின் முதல் அட்டையாவது உண்டா என்றால் அதுவுமில்லை. 1951ல் போமன் 253ஆம் எண்ணில் போட்டுவிட்டார். அப்புறம் எதற்கு இந்த விலை? ஐம்பதுகளில் பத்து வயதாக இருந்தவர்கள் எண்பதுகளில் கையில் பணமுள்ளவர்களாகிவிட்டார்கள். அவர்கள் இழந்த அட்டைக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. கடல் அந்தக் கதையைக் கொடுத்தது. விலையில் ஒரு பங்கு அட்லாண்டிக்குக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

*

பெர்கர் பெட்டிகளைக் கடலில் கொட்டினதாகச் சொன்ன அதே 1960ல் 'அமெரிக்கன் கார்டு கேட்டலாக்' என்ற நூலின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது. தொகுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். இந்தக் கட்டுரையை நான் எழுத நேர்ந்ததே இவருக்காகத்தான்.

பர்டிக் 1900ல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் ஊரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் உதிரி பாகங்களைப் பொருத்துகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீல்வாதம், விரல்கள் வருஷத்துக்கு வருஷம் மடங்கிக்கொண்டே வந்தன. 1937இலிருந்து அட்டை சேகரிப்பவர்களுக்காக ஒரு சிறு பத்திரிகை நடத்தினார். எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1939ல் தன் பட்டியலின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தார். அவர் கைவைக்கும்வரை இந்த அட்டைகளுக்குப் பெயர் இல்லை. எந்தக் கம்பெனி, எந்த வருஷம், மொத்தம் எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாது. பர்டிக் எழுத்தும் எண்ணும் கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு என், இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு டி, பழைய மிட்டாய்க்கும் கம்முக்கும் இ, பிற்பட்டதற்கு ஆர். கவுடியின் 1933 தொகுதி ஆர்319. இன்றுவரை விற்கிறவனும் வாங்குகிறவனும் இந்தக் குறிகளில்தான் பேசுகிறார்கள்.

பட்டியலில் விலையும் போட்டார். சாதாரண அட்டைகளுக்குச் சில சென்ட். டி206 தொகுதியில் ஹோனஸ் வாக்னருக்கு மட்டும் 50 டாலர். அன்று அது பெரிய தொகை. வாக்னர் தன் படத்தைப் போடக் கூடாது என்று புகையிலைக் கம்பெனியைத் தடுத்துவிட்டதால் மிகக் குறைவாகவே வெளியே வந்த அட்டை. சிறுவர்கள் புகையிலை வாங்கக் கூடாதென்று தடுத்தார் என்பது ஒரு கட்சி. காசு கொடுக்காததால் தடுத்தார் என்பது இன்னொரு கட்சி. அவரே புகையிலை மென்றவர்தான்.

1947ல் பர்டிக் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு எழுதிக் கேட்டார்: என்னிடமிருப்பதைத் தருகிறேன், எடுத்துக்கொள்வீர்களா? மூன்று லட்சத்துக்கு மேல் காகிதங்கள். வாழ்த்து அட்டை, விளம்பர அட்டை, தபால் அட்டை எல்லாம் சேர்த்து. பேஸ்பால் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். அச்சுப் படப் பிரிவின் தலைவர் ஹயாட் மேயர், டியூரரையும் ரெம்பிராண்ட்டையும் காப்பவர், சரி என்றார். ஒரு நிபந்தனை, நீங்களே ஒழுங்குபடுத்தித் தரவேண்டும். பிரிவின் மூலையில் ஒரு மேஜை கொடுத்தார்கள். முதலில் அவ்வப்போது சிரக்யூஸிலிருந்து வந்துகொண்டிருந்தவர், உடம்பு முடியாமல் வேலையை விட்டபின் நியூயார்க்கிலேயே அறை எடுத்துத் தங்கித் தினமும் வந்தார். வளைந்த விரல்களால் ஒவ்வோர் அட்டையாக ஆல்பத்தில் வைத்தார்.

வைத்தார் என்று எழுதியதைத் திருத்துகிறேன்: ஒட்டினார். பசை தடவி ஒட்டினார். வாக்னரையும் ஒட்டினார், கவுடியையும் ஒட்டினார். விலைப் பட்டியல் என்ற ஒன்றையே இந்தத் துறைக்குக் கொடுத்த மனிதர், தன் அட்டைகளின் முதுகில் பசை தடவி அவற்றைச் சந்தையிலிருந்து நிரந்தரமாக வெளியே எடுத்துவிட்டார். இன்றைய சேகரிப்பாளனிடம் இதைச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வான். அறியாமை என்பான். எனக்கு அது அறியாமையாகத் தோன்றவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் அட்டை அவருக்கு அர்த்தமாயிற்று. தனியே ஓர் அட்டையை ஆயிரம் டாலருக்கு வாங்கிப் பூட்டிவைப்பது அவருடைய உலகத்தில் இல்லாத காரியம். பெரிய லீக் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை என்று சொல்கிறார்கள். பேஸ்பால் அவருக்கு மூன்று லட்சத்தில் ஒரு பகுதி. இதில் ஒரு விமர்சகனின் குணம் இருக்கிறது, நல்ல விமர்சகனின் குணம். எது முந்தியது எது பிந்தியது, எது எதனோடு சேர்ந்தது என்று வரிசைப்படுத்துகிற வேலையை முழுதாகச் செய்துவிட்டு, விலை சொல்வதைப் பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் வைத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் ஓரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

1963 ஜனவரி 10 அன்று கடைசி அட்டையை ஒட்டினார். இனி வரமாட்டேன் என்று மேயரிடம் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்ச் 13ல் காலமானார்.

*

பிறகு நடந்தது வேகமானது. 1979ல் ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியரின் விலை நூல் வந்தது. 1984ல் அது மாதப் பத்திரிகையாயிற்று. விலை மாதாமாதம் மாறுகிறதென்று தெரிந்ததும் அட்டை பங்குப் பத்திரமாகிவிட்டது. பெரியவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கினார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. எண்பதுகளின் கடைசி வருஷங்களில் வந்த அட்டைகளை எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள், ஒருவரும் எறியவில்லை. இன்று அவற்றை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

1991ல் கலிஃபோர்னியாவில் பி.எஸ்.ஏ. என்ற மதிப்பீட்டுக் கம்பெனி கிளம்பியது. அட்டையை அனுப்பினால் மூலை, விளிம்பு, பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து ஒன்றிலிருந்து பத்துவரை ஓர் எண் போட்டுப் பிளாஸ்டிக்கில் முத்திரையிட்டு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு அட்டையை யாரும் தொட முடியாது. கண்ணால் பார்த்து இது நல்ல பிரதி என்று சொல்லத் தெரிந்தவர்களின் இடம் போயிற்று. பிளாஸ்டிக்கின் மேலிருக்கிற எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்தக் கம்பெனி முதலாவதாக முத்திரையிட்டது ஒரு வாக்னர். அதே வருஷம் வெய்ன் கிரெட்ஸ்கி என்ற ஹாக்கி வீரரும் ஒரு கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. எட்டு என்று எண் கிடைத்தது. எண்பது வருஷத்துப் புகையிலை அட்டைக்கு அப்படிக் கூர்மையான விளிம்பு எப்படி வந்தது என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். 2007ல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013ல் ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ கோர்ட்டில் ஒப்புக்கொண்டார்: 1980களில் அது தன் கையில் இருந்தபோது விளிம்பை நறுக்கினது தான்தான் என்று. அந்த வழக்கில் பிறகு சிறைக்குப் போனார். அட்டையின் பிளாஸ்டிக் கூட்டில் எட்டு என்றே இருக்கிறது. பசையில் ஒட்டப்பட்டிருக்கும் பர்டிக்கின் வாக்னருக்கு எண் கிடையாது. அது அச்சான அளவிலேயே இருக்கிறது.

கம் என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். 1980ல் ஃப்ளியர் தொடுத்த வழக்கில் டாப்ஸின் ஏகபோகம் உடைந்தது. 1981ல் ஃப்ளியரும் டான்ரஸும் கம்மோடு அட்டை போட்டன. அந்த ஆகஸ்டிலேயே அப்பீல் கோர்ட் தீர்ப்பைத் திருப்பியது. டாப்ஸ் ஆட்டக்காரர்களிடம் வாங்கியிருந்த உரிமை கம்மோடும் மிட்டாயோடும் அட்டை விற்பதற்கு. வேறு எதோடு விற்றாலும் டாப்ஸ் கேட்க முடியாது. ஆகவே 1982இலிருந்து ஃப்ளியர் அணிச் சின்னங்களின் ஸ்டிக்கரை வைத்தது. டான்ரஸ் பேப் ரூத்தின் படத்தைத் துண்டு துண்டாக்கிச் சேர்த்துப் பார்க்கிற விளையாட்டாக வைத்தது. 1989ல் அப்பர் டெக் வந்து கம் வைக்காமல் பளபளக்கிற உறையில் அதிக விலைக்கு விற்றது. கம் இருந்தால் டாப்ஸ் என்கிற நிலைமை கொஞ்ச காலம்தான். பொட்டலத்தைப் பிரிக்காமல் வருஷக்கணக்கில் வைப்பவர்களுக்குக் கம் பெரிய தொல்லை. அது தொட்டுக்கொண்டிருக்கிற அட்டையில் எண்ணெய்ப் பழுப்பாக ஒரு கறை இறங்கிவிடும். பத்து என்கிற எண் போய்விடும். வாங்குகிறவர்கள் புகார் செய்தார்கள். 1992ல் டாப்ஸ் பொட்டலத்திலிருந்து கம்மை எடுத்துவிட்டது. ஒன்பது வருஷம் கழித்து, பழைய நாட்களின் ஞாபகத்துக்கென்று 1952 மாதிரியில் ஒரு புதிய தொகுதி போட்டபோது கம்மைத் திரும்ப வைத்தது. அதை யாரும் மென்றிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

பழைய பொட்டலங்கள் மெழுகுக் காகிதத்தில் மடித்துச் சூடு வைத்து ஒட்டியவை. அந்த மெழுகும் கடைசி அட்டையில் கறையாக இறங்கும். இதை எடுக்க ஒரு வித்தை இருக்கிறது: பெண்கள் அணிகிற நைலான் காலுறையைச் சுருட்டி அட்டையின் மேல் மெதுவாகத் தேய்க்கிறார்கள். மெழுகு வந்துவிடுகிறது. கம்மின் கறை வருவதில்லை.